யு.பி.யு. முடிவு வந்தாச்சு, கேட்டது கிடைக்கலை: சுங்கை சிப்புட் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முடிவு வெளியாகும் வாரத்தில் என் கைப்பேசி ஓயாது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனிலிருந்து கேட்பார்கள், சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து கேட்பார்கள், தோட்டம் போய் வீடமைப்பு வந்த பிறகும் பழைய பெயரிலேயே அழைக்கப்படும் இடங்களிலிருந்தும் கேட்பார்கள். படிவம் ஆறில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முன் எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் வகுப்பில், பாடம் நடத்தியவள் என்பதால் பல்கலைக்கழகத்துக்குள் நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. அப்படியெல்லாம் இல்லை. ஆனால் கேள்விகள் வருஷா வருஷம் ஒன்றேதான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். யு.பி.யு. என்ன என்று தெரியாத தாத்தா பாட்டிகளுக்கு: அரசாங்கப் பல்கலைக்கழகங்கள், பாலிடெக்னிக்குகள் எல்லாவற்றுக்கும் இணையத்தில் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் முறை அது. பிள்ளை தனக்குப் பிடித்த படிப்புகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும், அவர்கள் தகுதிப் புள்ளியைப் பார்த்து ஒன்றைக் கொடுப்பார்கள், அல்லது ஒன்றும் கொடுக்க மாட்டார்கள்.

டீச்சர், 'டுகாசித்தா டிமாக்லும்கான்' (வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்) என்று வந்துவிட்டது. இப்போ என்ன செய்வது?

முதலில் சாப்பிடு. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள்தான் அதிகம், பத்தாவது தடவை திறந்தாலும் அதே வரிதான் இருக்கும்.

அப்புறம் ஒரே ஒரு வேலை. மேல்முறையீடு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பார்த்து எழுதி வை. முடிவு வந்த சூட்டோடு இணைய மேல்முறையீடு திறப்பார்கள், சில நாட்கள்தான் இருக்கும். அழுகையும் கடைசித் தேதியும் ஒரே வாரத்தில் வந்து நிற்பதுதான் இதில் உள்ள கொடுமை. உன்னால் முடியவில்லை என்றால் தேதியைப் பார்க்கும் வேலையை அக்காவிடமோ சித்தப்பாவிடமோ கொடுத்துவிட்டு நீ தாராளமாக அழு. அழுது முடித்து அடுத்த மாதம் மேல்முறையீடு செய்யலாம் என்று வந்தவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

நான் எஸ்.டி.பி.எம்.-இல் 3.67. என் வகுப்பில் 3.58 எடுத்தவளுக்கு அதே படிப்பு கிடைத்திருக்கிறது. இது அநியாயம் இல்லையா?

கணக்கைப் பார்ப்போம். தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு. உன் 3.67-ஐ 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கினால் 82.58 வரும். புறப்பாடத்தில் உனக்கு 6 என்று வைத்தால் மொத்தம் 88.58. அவளுக்கு 3.58, அதாவது 80.55. புறப்பாடத்தில் 9 வாங்கியிருந்தால் 89.55. அவள் உன்னை முந்திவிட்டாள், எந்தத் தில்லுமுல்லும் இல்லாமல்.

தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பத்துப் புள்ளியில்தான் அடி விழுகிறது. மாலையில் சீருடை இயக்கத்துக்கு இருந்தால் கடைசி பஸ் போய்விடும், அப்பாவுக்கு அந்த நேரத்தில் ஷிப்ட், மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொள்ள ஆள் இல்லை. மாநில அளவுப் போட்டிக்குப் போக உடைக்கும் பயணத்துக்கும் காசு வேண்டும். இதை எந்தப் பாரத்திலும் எழுத இடமில்லை. ஆகவே அநியாயமா என்றால், ஆம், கொஞ்சம் உண்டு. ஆனால் அது உன் தோழி செய்த அநியாயம் இல்லை, அவளிடம் பேசாமல் இருக்காதே.

4.00 எடுத்தும் கேட்ட படிப்பு கிடைக்காமல் போகுமா?

போகும். ஒவ்வோர் ஆண்டும் அப்படிச் சில கதைகள் செய்தியில் வருகின்றன. 4.00 எடுத்தவர்கள் நாடு முழுவதும் ஏராளமாக இருக்கிறார்கள், மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், சட்டம், கணக்கியல் என்று எல்லாரும் ஒரே வாசலில் போய் நிற்கிறார்கள். தேர்வுக்கு எல்லாருக்கும் முழு 90. மிச்சம் இருப்பது புறப்பாடத்தின் தசமப் புள்ளிகளும், நேர்முகத் தேர்வு உள்ள படிப்பென்றால் அந்த இருபது நிமிடமும்தான். நேர்முகத்தில் மலாயில் சரளமாகப் பேசத் தடுமாறி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பாடம் தெரியாமல் இல்லை, கண்ணாடி போட்ட மூன்று பேர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பதை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் கோட்டாதானே டீச்சர்? ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்?

சரி, நேராகவே பேசுவோம்.

பல்கலைக்கழக நுழைவில் இன வாரியான கோட்டா 2002-இல் நீக்கப்பட்டு, தகுதி முறை வந்தது. காகிதத்தில் அப்படித்தான். ஆனால் அந்தத் தகுதிக்குப் போகும் பாதைகள் இரண்டு. ஒன்று மெட்ரிகுலேஷன், அரசாங்கக் கல்லூரிகளில் நடக்கும் பல்கலைக்கழக முன்படிப்பு, பெரும்பாலோருக்கு ஓராண்டு. இன்னொன்று படிவம் ஆறு, மூன்று தவணைகள், ஒன்றரை ஆண்டு. இரண்டின் 4.00-உம் ஒரே தராசில் வைக்கப்படுகிறது. மெட்ரிகுலேஷனில் இடங்கள் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கும் (மலாய்க்காரரும் பூர்வகுடியினரும்) 10 விழுக்காடு மற்றவர்களுக்கும். 2019-இல் மொத்த இடங்களை 25,000-லிருந்து 40,000-ஆக உயர்த்தினார்கள், அந்த 90:10 அப்படியே இருந்தது. யு.ஐ.தி.எம்., பூமிபுத்ராக்களுக்கென்று உள்ள அரசாங்கப் பல்கலைக்கழகம், நம் பிள்ளைகளுக்குக் கதவே திறக்காத இடம். இதையெல்லாம் இல்லை என்று சொல்ல நான் அரசியல்வாதி இல்லை.

கோபப்படு, ஓட்டுப் போடும்போது அதை நினைவில் வை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: 'எல்லாம் கோட்டா' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும் பிள்ளை மேல்முறையீடும் செய்வதில்லை, பாலிடெக்னிக் பாரமும் நிரப்புவதில்லை. அந்தச் சொல் வாய்க்கு வந்ததும் கை வேலையை நிறுத்திவிடுகிறது. பெற்றோரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள், பிள்ளையைக் குறை சொல்லாமல் தப்பிக்க அது ஒரு வழி, அந்த அளவில் அது நல்ல மனசுதான். அதோடு நின்றுவிடக் கூடாது.

படிவம் ஐந்து எஸ்.பி.எம். தேர்வில் ஒன்பது ஏ. மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை. பத்து ஏ எடுத்தால் கட்டாயம் கிடைக்கும் என்றார்களே?

பத்து ஏ என்றுதான் சொன்னார்கள், உன்னுடையது ஒன்பது. 2024 ஜூன் 30-ஆம் தேதி பிரதமர் அன்வார் அறிவித்தது: பத்து ஏ-உம் அதற்கு மேலும் எடுக்கும் எல்லா மாணவருக்கும் இன வேறுபாடு பாராமல் மெட்ரிகுலேஷன் இடம். நல்ல அறிவிப்பு, நம் வீடுகளில் அன்றைக்கு இனிப்பு கொடுத்தார்கள். ஆனால் 2025-இல் ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேராது என்று ஆனபோது ஒரு கூட்டம் வெளியே நின்றது. அதோடு இன்னொன்று, நீ மொத்தமே ஒன்பது பாடம்தான் எடுத்தாய் என்றால் ஒன்பதிலும் ஏ பிளஸ் வாங்கினாலும் பத்து வராது. தமிழ், தமிழ் இலக்கியம் என்று வெளியில் படித்து எண்ணிக்கையைக் கூட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளி அனுமதிக்க வேண்டும், சொல்லித்தர ஆள் வேண்டும். இலக்கியம் தமிழுக்காகப் படிக்க வேண்டிய பாடம் என்பது என் கட்சி, இப்போது அது எண்ணிக்கைக்காகவும் ஆகிவிட்டது. படித்தால் சரி.

உனக்கு இப்போது: மெட்ரிகுலேஷனுக்குத் தனி மேல்முறையீடு இருக்கிறது, அதைச் செய். பதில் வரும் வரை வீட்டில் உட்காராதே. படிவம் ஆறில் இடம் வந்திருந்தால் போய்ச் சேர்ந்துவிடு. கோப்பெங்கில் உள்ள பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தால் அப்போது பெட்டியைக் கட்டிக்கொள்ளலாம். வராவிட்டால் ஒரு தவணைப் பாடம் கையில் இருக்கும்.

படிவம் ஆறு என்றால் 'வேறு எதுவும் கிடைக்காதவர்கள் போகும் இடம்' என்கிறார்களே?

யார் சொல்கிறார்கள் என்று பார். பெரும்பாலும் தனியார் கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு மாதா மாதம் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள்.

எஸ்.டி.பி.எம். கஷ்டம், அதில் பொய் இல்லை. ஆனால் செலவு குறைவு, வீட்டிலிருந்தே போய் வரலாம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் தேர்வு. முதல் தவணையில் சறுக்கினால் மறுபடி எழுதும் வாய்ப்பும் உண்டு. நம் சமூகத்தில் இந்த வழியாகப் போனவர்களின் வரிசை நீளமானது. 1982-இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில் வார இறுதிகளில் உட்கார்ந்து படித்தவர்கள், பால்மரம் சீவிய வீட்டுப் பிள்ளைகள், இன்றைக்கு மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் இருக்கிறார்கள். சுங்கை சிப்புட்டில் ஒரு சுற்று சுற்றினாலே அப்படிப்பட்ட நான்கு அங்கிள்களைக் காட்ட முடியும்.

(ஓர் அம்மா) மகன் டாக்டருக்குப் போகிறான் என்று கோயில் கமிட்டி வரை சொல்லிவிட்டேன். இப்போது வெளியே தலைகாட்ட முடியவில்லை.

அம்மா, உங்களுக்கு வெட்கம், அவனுக்கு வெட்கமும் துக்கமும். ஆகவே இரண்டு வாரத்துக்கு அவன் முன்னால் உங்கள் வெட்கத்தைக் கொட்டாதீர்கள். என்னிடம் கொட்டுங்கள், உங்கள் தங்கையிடம் கொட்டுங்கள்.

கேட்பவர்களுக்கு ஒரே வரியைத் தயார் பண்ணி வையுங்கள்: 'இந்தத் தடவை மருத்துவம் கிடைக்கலை, மேல்முறையீடு போட்டிருக்கோம்.' அவ்வளவுதான். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் மருமகன் கதை, கொழுந்தன் மகள் கதை எல்லாம் வரும், நீங்கள் மார்க்கெட்டில் கீரைக்கட்டைக் கையில் பிடித்தபடி அரை மணி நேரம் நிற்க வேண்டியதாகிவிடும். முக்கியமாக, பையனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு 'கொஞ்சம் கூடப் படிச்சிருந்தா' என்று மற்றவர்களிடம் சொல்லாதீர்கள். அந்த ஒரு வரிக்காக அம்மாவோடு ஆண்டுக் கணக்கில் சரியாகப் பேசாத பிள்ளைகள் இருக்கிறார்கள், மிகைப்படுத்தவில்லை.

(ஓர் அப்பா) அரசாங்கத்தில் மருத்துவம் இல்லை. வீட்டை வைத்துத் தனியாரில் சேர்க்கட்டுமா?

ஐயா, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். தனியார் கல்லூரிகள் பலவற்றில் மருத்துவம் மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும், ஐந்து ஆண்டு. பி.டி.பி.டி.என். எனும் அரசாங்கக் கல்வி நிதி 1997-லிருந்து கொடுக்கும் பணம் கடன், அன்பளிப்பு அல்ல. இ.பி.எஃப். சேமநிதியிலிருந்து கல்விக்கு எடுக்கலாம், ஆனால் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் வெயிலில் சேர்த்த அந்தத் தொகை எவ்வளவு என்று நீங்களும் நானும் அறிவோம். நம் ஆட்களுக்குப் பணம் சேர்க்கத் தெரியாமல் இல்லை. 1960-இல் நம் தொகுதி எம்.பி.யாக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டியே தோட்டங்களை வாங்கினார்கள், இந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கே பணம் நிலமாகக் கையில் நின்றது. பிள்ளை இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டால் கட்டணம் திரும்பாது.

அதற்கு மேல், மருத்துவப் பட்டம் வாங்கியவுடன் நிரந்தர அரசு வேலை என்ற காலம் முடிந்துவிட்டது. 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில்தான் எடுக்கப்படுகிறார்கள். இதை எந்த முகவரும் உங்களிடம் முதலில் சொல்ல மாட்டார். முகவர் என்றதும் ஞாபகம் வருகிறது, வெளிநாட்டில் மலிவாக மருத்துவம் என்று யாராவது வந்தால், அந்தக் கல்லூரி மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுப் பேசுங்கள். அவர் கைப்பேசியில் காட்டும் படம் ஆதாரம் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பையனுக்கு அதுதான் வேண்டும், உங்களால் முடியும் என்றால், கெடா பீடோங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம், மற்ற தனியார் கல்லூரிகள் எல்லாவற்றிலும் முழுச் செலவையும் எழுத்தில் வாங்குங்கள், விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம் உட்பட. உபகாரச் சம்பளத்துக்கு, மலேசிய இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) கல்வி நிதியமான எம்.ஐ.இ.டி. போன்ற இடங்களில் சேர்வதற்கு முன்பே கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் உங்கள் பிடி தளர்ந்துவிடும்.

கேட்டது பொறியியல், கொடுத்தது நான் கேள்வியேபடாத ஏதோ ஒரு படிப்பு. ஏற்கலாமா?

ஏற்றுக்கொள்ள வேண்டிய கடைசி நாளைத் தாண்டவிடாதே, அதற்குள் மூன்று விஷயம் பார். பாடத்திட்டத்தைத் திறந்து முதலாண்டுப் பாடங்களைப் படி, இரண்டாவதாக அங்கே படிக்கும் யாரையாவது பிடித்துப் பேசு, பிறகு அந்தப் படிப்பு முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று தேடு. பாதிப் பேருக்கு இந்தத் தேடலிலேயே மனம் மாறிவிடும், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. உள்ளே போய்ப் படிப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று அண்ணன்மார் சொல்வார்கள். சில இடங்களில் வழி உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பிச் சேராதே.

பொறியியல்தான் என்று உறுதியாக இருந்தால் ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது, 1969-இல் தொடங்கிய நாட்டின் முதல் பாலிடெக்னிக். அங்கே டிப்ளோமா முடித்து, டிப்ளோமாக்காரர்களுக்கான வழியில் மறுபடி யு.பி.யு. போட்டுப் பட்டப்படிப்புக்குள் நுழையலாம். கம்பாரில் யூதார் பல்கலைக்கழகம் இருக்கிறது, தனியார்களில் கட்டணம் கொஞ்சம் தாங்கும். கூடுதலாக இரண்டு ஆண்டு ஆகும் என்று கவலைப்படுகிறாய், தெரிகிறது. இருபத்தைந்து வயதில் பட்டம் வாங்குவது ஒரு குற்றம் இல்லையே.

நான் அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் போட்டேன். எல்லாம் நிராகரிப்பு.

நம் ஊரிலிருந்தும் போடுகிறார்கள் என்பதே எனக்குப் பெருமை. ஹார்வர்டில் 2024-இல் சேர்ந்த வகுப்புக்கு 54,008 பேர் விண்ணப்பித்தார்கள், 1,937 பேருக்கு இடம், நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. வெளியே நின்றவர்களில் தத்தம் பள்ளியில் முதல் மாணவர்களாக இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்கே தகுதிப் புள்ளிக் கணக்குகூட இல்லை. கட்டுரை, பரிந்துரை, வகுப்புக்கு எந்தக் கலவை வேண்டும் என்று பார்த்து எடுக்கிறார்கள். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். காத்திருப்புப் பட்டியல் என்று வந்தால் பெயரைப் போட்டுவிட்டு, இங்கே கிடைத்ததை ஏற்றுக்கொண்டு வேலையைப் பார். அதை நம்பி உள்ளூர் இடத்தை விடாதே.

தூக்கம் வரவில்லை. உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது.

இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதே. இப்போதே வீட்டில் யாரிடமாவது இதே வார்த்தையில் சொல், 'தலைவலி' என்று மாற்றிச் சொல்லாதே. வீட்டில் முடியாது என்றால் பிஃப்ரெண்டர்ஸ் உதவி எண் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அரசாங்க உதவி எண் தாலியான் காசே 15999-உம் இருக்கிறது. பெற்றோருக்கு: பிள்ளை இப்படிச் சொன்னால் 'பைத்தியமா உனக்கு' என்று அடக்காதீர்கள், பக்கத்தில் இருங்கள், அறையில் தனியாக விடாதீர்கள், கிளினிக்கிற்கு அழைத்துப் போங்கள். பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் தோட்டத்து வீடுகளில் சமையலறை மூலையிலேயே கிடக்கும். இன்றைக்கே எடுத்துப் பூட்டி வையுங்கள்.

எனக்குக் கிடைத்துவிட்டது, என் நண்பனுக்கு இல்லை. என்ன பேசுவது?

ஆறுதல் சொல்லாதே. பந்து விளையாடக் கூப்பிடு. உனக்கு இடம் கிடைத்த கடிதத்தை வாட்சப் ஸ்டேட்டஸில் போடுவதை ஒரு வாரம் தள்ளிப் போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

தொகுதி மக்கள் பிரதிநிதியான வை.பி.யிடமோ ம.இ.கா. கிளைத் தலைவரிடமோ கடிதம் வாங்கினால் வேலை நடக்குமா?

நம் ஊரில் இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு வருஷமும் போனதில்லை. கடிதத்தால் உன் தகுதிப் புள்ளி ஒன்றுகூட ஏறாது. மேல்முறையீட்டில் அவர்கள் பார்ப்பது காலியாக உள்ள இடமும் அதற்கு வரிசையில் நிற்கும் புள்ளிகளும்தான். கட்டணத்துக்கு, லேப்டாப்புக்கு, முதல் நாள் விடுதிக்குப் போகும் செலவுக்கு என்றால் சேவை மையத்துக்குப் போ, அங்கே உதவி கிடைப்பதுண்டு. வரிசை இதுதான்: முதலில் இணையத்தில் மேல்முறையீட்டை அனுப்பி, அனுப்பியதற்கான தாளை அச்செடுத்து வை, பிறகு வை.பி.யைப் பார். தலைகீழாகச் செய்து, கடிதம் கைக்கு வந்த நாளில் மேல்முறையீடு மூடியிருந்த கதைகள் உண்டு.

மேல்முறையீட்டில் மறுபடியும் அதே படிப்பையே கேட்கலாமா?

பட்டியலில் இருந்தால் கேள், ஆனால் எல்லா வரியிலும் அதையே நிரப்பாதே. முதல் சுற்றில் எல்லாரும் அடித்துக்கொண்ட படிப்பில் மிச்சம் பெரிதாக இருக்காது. சபா, சரவாக், திரெங்கானு, பெர்லிஸ் என்று தூரத்தில் உள்ள பல்கலைக்கழகங்களில் அதே துறையைத் தேடு. பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று வீட்டில் கேட்பார்கள். கோத்தா கினபாலுவில் நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் படிக்கிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள், தீபாவளிக்கு விமான டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கி வந்து சேர்கிறார்கள்.

தங்கச்சி இப்போ படிவம் நான்கு. அவளுக்கு என்ன சொல்வது?

புறப்பாட நடவடிக்கைக்கு வருகை போடச் சொல், ஏதாவது ஒரு சங்கத்தில் செயலாளர் பதவியாவது வாங்கச் சொல். ஆங்கிலத்திலும் மலாயிலும் நின்று பேசப் பழகட்டும், தமிழ் மேடையில் பேசும் பிள்ளை மற்ற மொழியிலும் பேசிவிடும். எந்தப் போட்டிக்குப் போனாலும் சான்றிதழை அன்றைக்கே வாங்கி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை அத்தை வீட்டிலும் வைக்கச் சொல். கூரை ஒழுகும் வீட்டில் ஒரே நகலை வைத்துக்கொண்டு விண்ணப்ப நாளில் என்னிடம் ஓடி வராதீர்கள்.